வளவு முற்றத்தில் எட்டடிக் கண்ணாடிச் சிற்பம்: எந்தப் பசை போடலாம்?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்விக வீட்டு வளவு (வீட்டு நடுவில் உள்ள திறந்தவெளி) முற்றத்தில், 12 மில்லி கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி எட்டடி உயரத்தில் ஒரு சிற்பம் வைக்க நினைக்கிறோம். நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கி, மேலே விரியும் வடிவம். எந்தப் பசை நல்லது? விழாமல் நிற்குமா?

பதில்:

பசையைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். நான் காரைக்குடியில் கண்ணாடி வேலை செய்கிறேன். சிற்பம் என்று வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது பசையைத்தான். ஆனால் இவ்வளவு பெரிய உருவத்தில் பாரத்தைப் பசையிடம் ஒப்படைக்கவே கூடாது. எடை நேராகத் தரைக்கு இறங்க வேண்டும். தகடுகள் நகராமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் பசையின் வேலை.

முதலில் எடை. ஒரு கன மீட்டர் கண்ணாடி சுமார் 2,500 கிலோ. சராசரி 50 செ.மீ. சதுரம் என்று வைத்தால் ஒரு தகடு ஏழரை கிலோ. எட்டடிக்கு 200 தகடு, அதாவது ஒன்றரை டன். அது கால் சதுர மீட்டரில் உட்காரும். குடியிருப்பு வீட்டுத் தளத்துக்கு நாம் போடும் கணக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோதான். அதனால் முற்றத்துத் தளத்தின் மேல் அப்படியே ஏற்றாதீர்கள். அந்த இடத்தில் தோண்டி, கெட்டியான மண் வரை போய் தனி அஸ்திவாரம் போட வேண்டும். முற்றத்து மழைத்தண்ணீர் வெளியேறும் வழி தளத்துக்கு அடியில் எங்கே போகிறது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு தோண்டுங்கள். பழைய கற்களை உடைக்காமல் பெயர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது வடிவம். இந்த எடையை அமுக்கத்தில் கண்ணாடி அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். அதன் பலவீனம் இழுவிசை. விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் இழுவை வந்தால் அங்கிருந்துதான் விரிசல் ஓடும். எல்லா விளிம்பையும் பாலிஷ் போடச் சொல்வது இதற்காகவும்தான். எந்த மூட்டிலும் இழுவை வராமல் இருக்க ஒரு கணக்கு உண்டு. ஒரு தகட்டுக்கு மேலே இருக்கும் மொத்த எடையின் மையத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டால், அது அந்தத் தகட்டின் அகலத்தை மூன்றாகப் பிரித்த நடுப்பங்குக்குள் விழ வேண்டும். 50 செ.மீ. தகட்டில் மையத்திலிருந்து 8 செ.மீ. வரைதான் விலகலாம். அடித்தட்டுக்கு மட்டும் பார்த்தால் போதாது, ஒவ்வொரு அடுக்குக்கும் பாருங்கள்.

உங்கள் வடிவத்தில் எனக்குப் பயம் அந்த இடுப்பு. அங்கே அகலம் 20 செ.மீ., மேலே இருக்கும் பகுதி 100 கிலோ என்று வையுங்கள். இடுப்புக்கு அரை மீட்டர் மேலே 20 கிலோ விசையில் தள்ளினால் சாய்ந்துவிடும். கல்யாண வீட்டில் ஒருவர் சாய்ந்து நின்று போட்டோ எடுத்தாலே அவ்வளவு வரும். பசையை நம்பி அந்த இடத்தை விடாதீர்கள். அஸ்திவாரத்தில் பதித்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி ஒன்று நடுவில் உச்சி வரை ஏறட்டும். கண்ணாடித் துளை கம்பியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இடையில் நைலான் குழாய் வேண்டும். இரும்பு எங்கேயும் கண்ணாடியைத் தொடக்கூடாது. இன்னொன்று, வெப்பத்தில் கண்ணாடியைவிட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். எட்டடிக்கு 30 டிகிரி வித்தியாசத்தில் அரை மில்லிக்கு மேல் வரும். உச்சியில் வெறும் நட்டை முடுக்கினால் பகலில் தளர்ந்து இரவில் இறுகும். நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் அடுக்கினால் அதைச் சமாளிக்கலாம்.

டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூளையில் சூடாக்கி வலுவேற்றியது, பலம் என்று சொல்வார்கள். அடுக்குச் சிற்பத்துக்கு வேண்டாம். சூளையில் போய் வந்ததில் லேசான அலை இருக்கும், ஒன்றன்மேல் ஒன்று படியாது. அப்புறம் வெட்டவோ துளை போடவோ முடியாது. நடுவில் ஒன்று உடைந்தால் முழுக்கத் தூளாகி, மேலே உள்ளது இறங்கிவிடும். சாதாரண ஃப்ளோட் கண்ணாடியே சரி.

இப்போது பசை. புற ஊதா விளக்கைக் காட்டி இறுக வைக்கும் யூவி பசை பளிச்சென்று இருக்கும், கோடு தெரியாது. ஆனால் மிக மெல்லிய படலம், விட்டுக்கொடுக்காது. வளவில் உச்சி வெயிலில் தகட்டின் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் இருக்கும். அந்த இழுபறியோடு மழையும் சேர்ந்தால் நாளடைவில் பிரியும். நிறக் கண்ணாடியாக இருந்தால் விளக்கின் கதிர் உள்ளேயே சரியாகப் போகாது. சாதாரண எபாக்ஸி வெயிலில் மஞ்சளாகும். திறந்த முற்றத்துக்கு என் தேர்வு நியூட்ரல் சிலிக்கான். வினிகர் வாடை அடிக்கும் மலிவு வகை சுண்ணாம்போடும் சிமெண்டோடும் ஒத்துப்போகாது.

சிலிக்கானை முழுப் பரப்பிலும் தடவாதீர்கள். குழாயில் வரும் சிலிக்கான் காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகும், அதுவும் விளிம்பிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லி. இரண்டு கண்ணாடிக்கு நடுவே மையப்பகுதி மாதக்கணக்கில் பச்சையாகவே கிடக்கும். எடை தாங்க ஒரே கனமுள்ள சிறு தட்டைத் துண்டுகளை அளவாக வையுங்கள். விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் ஒரு கோடு சிலிக்கான் இழுங்கள், இடைவெளி விடாமல். தண்ணீர் உள்ளே போனால் வெளியே வராது. மழைக்காலத்தில் கடையில் சாய்த்து வைத்த கண்ணாடிக்கு நடுவே ஈரம் புகுந்து வெள்ளையாகப் பூத்துப்போவதை எங்கள் தொழிலில் எல்லோரும் பார்த்திருக்கிறோம், தேய்த்தாலும் போகாது. இதற்காகவே, மனசு வந்தால் சிற்பத்தை முற்றத்திலிருந்து கூரை உள்ள பக்கத்துக்கு மாற்றச் சொல்வேன். அங்கேயும் தனி அஸ்திவாரம் வேண்டும்தான், உயர்த்திய மேடைக்குள் மண் நிரப்பியிருப்பார்கள். ஆனால் வெயில், மழை இரண்டு தொல்லையும் பாதிக்கு மேல் போய்விடும்.

எதை வாங்கினாலும் முதலில் சிறு துண்டுகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து ஒட்டுங்கள். முழுதாக இறுகிய பிறகு சிலவற்றை வாளித் தண்ணீரிலும் சிலவற்றை மொட்டை மாடியிலும் ஒரு மாதம் போட்டுவிட்டு, கத்தியால் நெம்பிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வேலையைத் தொடங்காதீர்கள். தை பிறந்ததும் ஆரம்பித்தால் பங்குனிக்குள் நிதானமாக முடிக்கலாம், தினம் சில அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் ரசமட்டம் பார்த்து.

கண்ணாடி வெட்டும் முன் கணக்கை ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ஒவ்வொரு அடி உயரத்திலும் அகலம் எவ்வளவு, கண்ணாடி நிறமா வெள்ளையா என்று கீழே எழுதினால், இடுப்புப் பகுதிக்கான கம்பி அளவை நானும் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.