ஜெபித்தும் எடை குறையவில்லை, என் விசுவாசத்தில் குறையா?

அம்மா, வணக்கம்ங்க.

எனக்கு வயது 36. ஈரோடு பக்கம் ஊர். தினமும் ரயிலில் திருப்பூர் போய் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். உயரம் 156 சென்டிமீட்டர், எடை 84 கிலோ. சின்னவன் பிறந்த பிறகு ஏறிய எடை இறங்கவே இல்லை. தைராய்டும் இருக்கிறது.

நாங்கள் தாத்தா காலத்திலிருந்து சி.எஸ்.ஐ. சபை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் நடக்கும். நடத்துகிற அக்கா என்னைப் பார்த்து, "சரீரம் தேவனுடைய ஆலயம். உன்னைப் பிடிச்சிருக்கிறது போஜனப்பிரிய ஆவி. உபவாசமிருந்து துரத்து கண்ணு" என்றார். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஆரம்பித்தேன். பொழுது சாயும் வரை வெறும் தண்ணிதான். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று தைராய்டு மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். முதலில் எடை குறைந்தது. குழுவில் எழுப்பி நிறுத்தி சாட்சி சொல்ல வைத்தார்கள், எல்லோரும் கை தட்டினார்கள்.

அப்புறம்தான் வினை. ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு சமையல்கட்டில் லைட்டுப் போடாமல் நின்றுகொண்டு தின்கிறேன். ஆறிப்போன அரிசிம்பருப்பு சாதத்தில் எண்ணெயை ஊற்றி, குக்கரோடு. பிள்ளைகளுக்கு வாங்கி வைத்த கடலை மிட்டாயையும் முடித்துவிட்டு, கவரைக் குப்பைக்கு அடியில் திணிக்கிறேன். நிறுத்த முடிவதில்லை. அழுதுகொண்டே ஜெபம் பண்ணிவிட்டுப் படுப்பேன், மறுநாள் அதற்குத் தண்டனையாக மறுபடியும் பட்டினி. குறைந்த எடை வட்டியோடு திரும்பி வந்துவிட்டது. குழுவுக்குப் போகவே கூசுகிறது.

மாமியார், "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று தினமும் கொள்ளு ரசம் வைக்கிறார். வீட்டுக்காரர், "ஜெபம் பண்ணுனா கொழுப்பு கரையுமா? வாயைக் கட்டு" என்கிறார். இது பாவமா, வியாதியா? கர்த்தர் கையில் விட்டுவிடுவதா, இல்லை என் பொறுப்பா? நீங்கள்தான் சொல்லணும்ங்க.

- பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

சகோதரிக்கு வணக்கம்.

மற்றதெல்லாம் அப்புறம், முதலில் மாத்திரை. இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். நிறுத்திவிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். டி.எஸ்.எச். என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்து எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்று அவர் சொல்வார். உங்கள் தைராய்டு சுரப்பி போதுமான அளவு சுரக்காத ஹார்மோனைத்தான் அந்த மாத்திரை தருகிறது. அதை நிறுத்தினால் அசதி, மலச்சிக்கல், உடம்பில் நீர் கோர்ப்பது, எடை ஏறுவது எல்லாம் வரிசையாக வரும். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுகிற மாத்திரை அது, எந்த உபவாசமும் அதனால் கெட்டுவிடாது. பவுலோடு இருந்த லூக்கா "பிரியமான வைத்தியன்" என்றுதான் வேதத்தில் அழைக்கப்படுகிறார். மருந்தை விடுவது விசுவாசத்தின் அடையாளம் என்று அங்கே எங்கேயும் சொல்லவில்லை.

அடுத்து, இருட்டுச் சமையல்கட்டு. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் பட்டினியைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தினார். போரில் ஆயுதம் எடுக்க மனசாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் அதற்கு முன்வந்தார்கள். அவர்களில் பலர் குவேக்கர், மெனோனைட், பிரதரன் என்கிற கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்தவர்கள். உடல்நலமும் மனநலமும் சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆட்கள், பக்திக்கும் குறைவில்லை. 24 வாரம் அரை வயிற்றுக்குத்தான் சாப்பாடு. நாள் முழுக்க அவர்களுக்குச் சாப்பாட்டு நினைப்பாகவே இருந்தது, சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். கட்டுப்பாட்டை மீறி ஒளிந்து தின்றுவிட்டுக் குற்ற உணர்ச்சியில் தவித்தவர்களும் உண்டு. பட்டினி முடிந்த பிறகும் பலருக்கு எவ்வளவு தின்றாலும் அடங்கவில்லை. அவர்களை எந்த ஆவியும் பிடித்திருக்கவில்லை. பட்டினி போட்ட உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும். உங்கள் உடம்பும் அதைத்தான் செய்கிறது.

அடக்க முடியாமல் அதிகமாகச் சாப்பிடுவது, ஒளிப்பது, பிறகு அருவருப்பு. இது வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதமாக நடந்தால் மனநல மருத்துவர்கள் இதை ஒரு நோயாகவே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். பேச்சு வழி சிகிச்சையில் நன்றாகக் குறையும். நேரில் பார்க்காமல் உங்களுக்கு இன்ன நோய் என்று நான் சொல்ல முடியாது, ஆனால் காட்டியே ஆகவேண்டிய நிலைமை இது.

பொறுப்பைக் கேட்டீர்கள். உடல்வாகு, தைராய்டு, பிரசவம், ரயிலைப் பிடிக்க அரைத் தூக்கத்தில் எழுவது, இதெல்லாம் நீங்கள் கேட்டு வாங்கியதல்ல. மாத்திரையும், காலைச் சாப்பாடும், டாக்டரிடம் உண்மையைச் சொல்வதும் உங்கள் கையில் இருந்தன. உங்கள் கையில் இருந்ததைக் கர்த்தரிடம் தள்ளிவிட்டு, கையில் இல்லாததற்கு உங்களையே தண்டித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதைத் திருப்பிப் போட்டால் போதும்.

எனவே இப்போதைக்கு உபவாசம் வேண்டாம். எலியா தீர்க்கதரிசி சாகலாம் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துக் கிடந்தபோது, தூதன் வந்து கண்டித்தானா? தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தூங்கவிட்டு மறுபடியும் சாப்பிடச் சொன்னான். ரயில் ஏறும் முன்னே இரண்டு இட்லியும் ஒரு முட்டையும், இல்லையென்றால் கம்மங்கூழும் மோரும். மதியம் டப்பாவில் சாதத்துக்குச் சமமாகப் பொரியலும் பருப்பும். நாலு மணிக்குக் கம்பெனி வாசல் பஜ்ஜியை நோக்கிக் கால் போவது, மதியம் வரை ஒன்றும் சாப்பிடாதவர்களுக்குத்தான் அதிகம். ராத்திரி பிள்ளைகளோடு உட்கார்ந்து, லைட்டுப் போட்டு, தட்டில் வைத்துச் சாப்பிடுங்கள். மாமியாரின் கொள்ளு ரசத்தைத் தாராளமாகக் குடியுங்கள். கொள்ளில் புரதமும் நாரும் உண்டு, ஆனால் கொழுப்பைக் கரைக்கிற மந்திரம் எதுவும் அதில் இல்லை.

எடையை நான் அலட்சியம் செய்யவில்லை. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. கணக்கு உங்களுக்குச் சுமார் 34.5. நம் நாட்டவருக்கு 25க்கு மேலேயே உடல்பருமன் என்கிறார்கள். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஆனால் ராத்திரிச் சாப்பாடு அடங்கும் வரை எடை மிஷின் பக்கம் போகவேண்டாம். அதன் பிறகு வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே அதிகம். மொத்தம் 4 முதல் 8 கிலோ இறங்கினாலே சர்க்கரையிலும் பிரஷரிலும் வித்தியாசம் தெரியும். வாரத்துக்கு 150 நிமிடம் நடங்கள். வாயைக் கட்டச் சொல்கிற வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் இடுப்பு அளவும் 90 சென்டிமீட்டரைத் தாண்டியிருக்கலாம்.

அந்த ஜெபக்குழு விஷயத்தில் எனக்குக் கோபம்தான். சரீரம் ஆலயம் என்ற 1 கொரிந்தியர் 6ஆம் அதிகார வசனம் வேசித்தனத்தை விலக்கச் சொல்லும் இடத்தில் வருகிறது. அதைக் கொண்டு ஒரு பெண்ணின் இடுப்பை அளப்பது அநியாயம். கிலோக் கணக்கில் சாட்சி சொல்ல வைத்தது அதைவிட மோசம், கை தட்டல் நின்ற அன்றைக்கே உங்களைக் குற்றவாளி ஆக்கிவிட்டது. குழுவை விட்டுவிடச் சொல்லவில்லை. "அக்கா, என் எடைக்கு ஜெபிக்க வேண்டாம்ங்க, நான் நல்லாத் தூங்கோணும்னு ஜெபம் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அதற்கும் பிரசங்கம் வந்தால், உங்கள் ஆயரிடம் நேரே பேசுங்கள்.

அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போவதென்றாலும் சரி. எந்தெந்த ராத்திரி, அன்று பகலில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். டாக்டருக்கு உதவும்.