லேப்டாப் புதுசு, வெப்சைட் பழசு

கேள்வி: பவானியில் ஜமக்காள வியாபாரம் செய்கிறேன். 2013-இல் ஒரு நிறுவனம் எங்களுக்கு வெப்சைட் செய்து கொடுத்தது. படம், விலையெல்லாம் நானே ஏற்ற அட்மின் பக்கமும் உண்டு. போன மாதம் பழைய கம்ப்யூட்டர் போய்விட, விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கினேன். இதில் லாகின் ஆகிறது. படம் ஏற்றும் இடம் மட்டும் வெறும் வெள்ளைக் கட்டமாக நிற்கிறது. கேட்டால், "அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில்தான் ஓடும், புதிதாகச் செய்ய 45,000 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். ஆண்டுப் பராமரிப்பு என்று 6,000 ரூபாய் தவறாமல் வாங்குகிறார்கள். கொடுக்க வேண்டியதுதானா?
- ஜமக்காள வியாபாரி, பவானி

பதில்: அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். முதலில் நின்றுபோன வேலையை ஓட வைத்துவிடுவோம்.

அந்த வெள்ளைக் கட்டத்தில் இருந்தது பெரும்பாலும் ஆக்டிவ்எக்ஸ் என்ற பழைய நுட்பமாக இருக்கும். குரோம் போன்ற மற்ற பெரிய பிரவுசர்கள் அதை ஏற்பதில்லை. அந்த எக்ஸ்ப்ளோரரை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-இல் ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. விண்டோஸ் 11-இல் அது கிடையாது. ஆனால் உங்கள் லேப்டாப்பில் இருக்கும் எட்ஜ் பிரவுசருக்குள் பழைய எக்ஸ்ப்ளோரர் ஒளிந்துகொண்டுதான் இருக்கிறது. எட்ஜ் செட்டிங்ஸில் 'டீஃபால்ட் பிரவுசர்' பகுதிக்குப் போய், எக்ஸ்ப்ளோரர் மோடில் பக்கங்களைத் திறக்க அனுமதி கொடுங்கள். அங்கேயே உங்கள் அட்மின் பக்க முகவரியையும் சேர்த்துவிடுங்கள். 30 நாளில் அந்தப் பதிவு காலாவதியாகும், மறுபடி சேர்க்க வேண்டும். இந்த வசதியைக் குறைந்தது 2029 வரை தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அட்மின் பக்கத்துக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். பேங்க் வேலையெல்லாம் இதில் வேண்டாம்.

இதை உங்களிடம் சொல்ல அந்த நிறுவனத்துக்கு ஐந்து நிமிடம் போதும். பராமரிப்புப் பணம் வாங்குகிறவர்கள் சொல்லியிருக்க வேண்டாமா? 'எக்ஸ்ப்ளோரர் போனதற்கு நாங்கள் என்ன செய்வது' என்பார்கள். பாதி நியாயம். ஆனால் எந்த பிரவுசரை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுக்கும் ஸ்டாட்கவுண்டர் நிறுவனத்தின் கணக்குப்படி 2012 மே மாதமே உலக அளவில் குரோம் எக்ஸ்ப்ளோரரை முந்திவிட்டது. அதற்கு அடுத்த வருடம் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் ஓடும்படி ஒன்றைச் செய்து கொடுத்தது அவர்கள் சோம்பல், உங்கள் விதி அல்ல.

புகார் கொடுக்கலாமா என்றால், பராமரிப்பு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 2013 வேலைக்காக இப்போது போக முடியாது. நுகர்வோர் வழக்குக்கு இரண்டு வருடம்தான் கெடு. இந்த வருடம் வாங்கிய 6,000 ரூபாய்க்கு வேலை நடக்கவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. வியாபாரத்துக்காகப் பெற்ற சேவை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது என்று வாதாடுவார்கள். சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு அதே சட்டம் ஒரு விலக்கு தருகிறது; ஆனால் அந்த வரி பொருள் வாங்குவதைப் பற்றித்தான் பேசுகிறது, உங்கள் சேவைக்குப் பொருந்துமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து கேட்டுப் பாருங்கள்.

சரி, இந்த ஏற்பாட்டிலேயே காலம் தள்ளலாமா? கூடாது. இது ஒட்டுப்போட்ட குடை. அடுத்த மழைக்குள் மூன்று காரியம் செய்துவிடுங்கள். டொமைன் பெயர், அதாவது உங்கள் வெப்சைட் முகவரி, யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்; அவர்கள் பெயரில் இருந்தால், சண்டை போடுவதற்கு முன் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். (வரிசை முக்கியம்.) ஹோஸ்டிங் கணக்கின் (தளம் குடியிருக்கும் சர்வர் இடம்) பாஸ்வேர்டை வாங்குங்கள். டேட்டாபேஸின் (தளத்தின் விவரங்கள் சேமிக்கப்பட்டிருக்கும் இடம்) நகலையும் படங்கள் இருக்கும் ஃபோல்டரையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அந்தக் காலத் தளம் என்பதால் இன்னொன்று: தமிழ் விவரங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், எழுத்துரு இல்லாத கருவியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பயப்பட வேண்டாம், எல்லாக் கருவியிலும் தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே உண்டு.

அப்புறம் புதிய தளம். வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூப்பல் மூன்றுமே வெப்சைட் செய்து நிர்வகிக்க உதவும் இலவச மென்பொருள்; நீங்கள் கொடுப்பது கூலியும் ஹோஸ்டிங் வாடகையும்தான். மூன்றுமே எக்ஸ்ப்ளோரரைக் கைகழுவியாயிற்று. வேர்ட்பிரஸ் 2021 ஜூலையில் 5.8 பதிப்போடு. சொந்தமாக எழுதிய அட்மின் தருகிறேன் என்பவரிடம் நான் போகமாட்டேன்: அவர் கடையை மூடினால் சாவியும் போகும். யாரிடம் கொடுத்தாலும் ஒப்பந்தத் தாளில் ஒரு வரி கேட்டு வாங்குங்கள்: 'கடைப் பக்கமும் அட்மின் பக்கமும் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ஆகியவற்றின் கடைசி இரண்டு பதிப்புகளில், ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் ஓட வேண்டும்.' கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் ஆபீஸில் அல்ல, உங்கள் கடையில் உட்கார்ந்து சோதியுங்கள். போனில் தமிழில் பத்து வரி அடித்துப் பாருங்கள். அட்மின் பக்கத்தில் எழுதும் கட்டத்துக்கு எடிட்டர் என்று பெயர்; சில எடிட்டர்களில் ஆண்ட்ராய்டு கீபோர்டோடு சேர்ந்தால் எழுத்து இரட்டித்துக்கொண்டு வரும். டெமோவில் அது தெரியாது, ஏனென்றால் டெமோ காட்டுகிறவர் தமிழில் அடிப்பதில்லை.

கேள்வி: ஐபோனில் எடுத்த நகைப் படங்களை எங்கள் தளத்தில் ஏற்றினேன். என் போனில் தெரிகிறது, வாடிக்கையாளர்களுக்குத் தெரியவில்லை. தளம் செய்தவர் ஏமாற்றிவிட்டாரா?
- கவரிங் நகைக் கடை, சிதம்பரம்

பதில்: அவரைத் திட்டாதீர்கள். ஐபோன் 2017 முதல் படத்தை ஹெச்இஐசி என்ற வடிவத்தில் சேமிக்கிறது. புதிய சஃபாரி அதைக் காட்டும், குரோம் காட்டாது. செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்; இனி ஜேபெக் வடிவில் வரும். ஏற்கெனவே ஏற்றியவற்றை ஜேபெக்காக மாற்றி மறுபடி ஏற்ற வேண்டும். தளம் வேர்ட்பிரஸ் என்றால் 6.7 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பா என்று அவரிடம் கேளுங்கள். சர்வரில் அதற்கான வசதி இருந்தால் அதுவே மாற்றிக்கொள்ளும்.