அடுப்பை மாற்றுவதா, கயிற்றை மாற்றுவதா?

கேள்வி: எங்கள் வீட்டைச் சூடாக்கும் இரும்பு விறகடுப்பு வாங்கி 10 வருடம் ஆகிறது. காற்றுத் துவாரத்தை முழுக்க மூடினாலும் விறகு மளமளவென்று எரிந்து தீர்கிறது. பார்க்க வந்தவர், "இதன் ஆயுள் முடிந்தது, புதிது வாங்குங்கள்" என்கிறார். வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: அவரே புது அடுப்பு விற்பவராகவும் இருந்தால் அவசரப்படாதீர்கள். கதவின் உள்விளிம்பில் கண்ணாடியிழைக் கயிறு ஒன்று ஓடும். என் முதல் சந்தேகம் அதன் மேல்தான். சூட்டில் கிடந்து கிடந்து அது தட்டையாகி விறைத்துவிடும். அப்புறம் துவாரத்தை மூடி என்ன பயன்? கதவிடுக்கு வழியாகக் காற்று போய்க்கொண்டுதான் இருக்கும்.

அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒவ்வோர் இடமாகப் பார்க்க வேண்டும். தடையே இல்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அங்கே கசிவு. சில அடுப்புகளில் தாழ்ப்பாளைச் சற்று இறுக்கினாலே சரியாகிவிடும். இல்லையென்றால் கயிற்றை மாற்றுங்கள்.

வாங்கும்போது பழைய கயிற்றை அளந்து கொண்டுபோகாதீர்கள். அதுதான் நசுங்கிவிட்டதே! அடுப்பின் கையேட்டில் உள்ள விட்டத்தைப் பாருங்கள். தடிமன் கூடினால் கதவு மூடாது, குறைந்தால் பழைய கதைதான். பள்ளத்தில் ஒட்டியிருக்கும் பழைய பசையை முழுக்கச் சுரண்டிவிட்டு, வெப்பம் தாங்கும் பசை தடவி, கயிற்றை இழுக்காமல் படிய வையுங்கள். இழுத்து ஒட்டினால் மெலிந்து, அங்கேயே மறுபடி கசியும். ஒரு எச்சரிக்கை: உங்களுடையது போன்றதற்கு இல்லை, பல பத்தாண்டுகள் பழைய அடுப்புகளுக்கு. அவற்றின் கயிற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை நீங்களே சுரண்டித் தூசி கிளப்ப வேண்டாம்.

கேள்வி: அடுப்புக் கதவின் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. கண்ணாடிக் கடையில் டஃபன்டு கண்ணாடி மலிவாக வெட்டித் தருகிறேன் என்கிறார்கள்.

பதில்: வேண்டாம். அடுப்புக் கதவில் இருப்பது செராமிக் கண்ணாடி. சூட்டில் அது விரிவடைவதே இல்லை என்று சொல்லலாம். சுமார் 700 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். டஃபன்டு கண்ணாடி அந்தச் சூட்டில் தன் உறுதியை இழந்துவிடும், எரியும்போதே உடைந்து சிதறலாம். புதுக் கண்ணாடியைப் பொருத்தும்போது ஓரத்துக்கான நாடாவையும் சேர்த்து வாங்குங்கள். திருகுகளை முறுக்கித் தள்ளாதீர்கள். இறுக்கம் அதிகமானாலும் கண்ணாடி விரிசல் விடும்.

கேள்வி: உள்ளே இருக்கும் செங்கற்களில் கோடு விழுந்திருக்கிறது. உடனே மாற்ற வேண்டுமா?

பதில்: மயிரிழைக் கோடு என்றால் விட்டுவிடுங்கள். துண்டு பெயர்ந்து பின்னால் இரும்பு தெரிந்தால் மாற்றுங்கள்.

கேள்வி: பழைய வார்ப்பிரும்பு அடுப்பு ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. முதுகுத் தகட்டில் சின்ன விரிசல். வெல்டிங் செய்தால் போதும் என்கிறார் விற்பவர்.

பதில்: போதும் என்றால் அவரே செய்துவிட்டு விற்கலாமே? வார்ப்பிரும்பை வெல்டிங் செய்வது தேர்ந்த கைக்கே சிரமம். சீராகச் சூடேற்றி, மெல்ல ஆறவிடாவிட்டால் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புது விரிசல் விழும். அடுப்புச் சிமென்ட் பூசி மறைப்பதும் நிலைக்காது. தகடு திருகு போட்டு மாட்டியதாக இருந்து, தயாரிப்பாளரிடம் மாற்றுத் தகடும் கிடைத்தால் மட்டும் பேரம் பேசுங்கள். விரிசல் வழியே கார்பன் மோனாக்சைடு வரலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எந்த விறகடுப்பு வாங்கினாலும் அந்த வாயுவுக்கான அலாரத்தையும் அதே செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தீயில் தூவினால் புகைபோக்கி தானே சுத்தமாகும் என்று ஒரு பொடி விற்கிறார்கள். இதை வாங்கினால் ஆண்டுதோறும் ஆளைக் கூப்பிடும் செலவு மிச்சமா?

பதில்: மிச்சமில்லை. புகை குளிர்ந்து குழாயின் உள்சுவரில் தார் போலப் படிவதுதான் கிரியோசோட். இப்படிப்பட்ட பொடிகள் அதைக் காயவைத்து உதிரச் செய்ய உதவலாம். ஆனால் உதிர்ந்தது வளைவுகளில் விழுந்து தேங்கும், பறவைக் கூடு அடைத்திருந்தால் பொடிக்குத் தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை ஆள் வந்து பார்க்கத்தான் வேண்டும். படிவு 3 மில்லிமீட்டரைத் தொட்டால் தூரிகை போட்டே ஆக வேண்டும். குழாய்க்குள் தீப்பிடிப்பது இந்தப் படிவால்தான்.

ஈர விறகை எரித்தால்தான் இந்தப் படிவு அதிகம் சேரும். பொடிக்குக் கொடுக்கும் பணத்தில் விறகின் ஈரத்தை அளக்கும் ஈரமானி ஒன்று வாங்குங்கள். விறகை அப்போதே பிளந்து, உள்முகத்தில் குத்திப் பாருங்கள். வெளிப்புறத்தில் குத்தினால் காய்ந்ததாகவே காட்டும். 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் அந்த விறகு இன்னும் சில மாதம் காயட்டும். "காய்ந்த விறகு" என்று விற்பவரிடமும் வண்டியை இறக்குமுன் ஒரு கட்டையைப் பிளந்து காட்டச் சொல்லுங்கள்.