முட்டிக்குக் கீழே வலிக்கும் புடைப்பு: மகனை விளையாட விடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. பள்ளி அணியில் நீளம் தாண்டுகிறான், கால்பந்தும் ஆடுகிறான். இரண்டு மாதமாக வலது முட்டிக்குச் சற்றுக் கீழே வலி. அந்த இடம் லேசாகப் புடைத்தும் இருக்கிறது. கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்கிறான். ஆனால் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்குவதைப் பார்த்துவிட்டேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்பிலிருந்து சிறு துண்டு பிரிந்தாற்போல இருக்கிறது, மூன்று மாதம் விளையாடவே கூடாது என்றார்கள். கோச்சோ "வளர்ற பையனுக்கு இதெல்லாம் சகஜம், ஓட ஓடச் சரியாகிடும்" என்கிறார். மூன்று வாரத்தில் போட்டி வேறு இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது? இதனால் உயரம் குறையுமா? விளையாடும் பிள்ளைகளுக்கு அடிபட்டால் எதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், எதற்கு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்?

பதில்:

நீங்கள் படிக்கட்டில் கவனித்தீர்களே, எனக்கு எக்ஸ்ரேயைவிட அதுதான் உபயோகமான தகவல். முட்டியின் முன்பக்கத்தில் தொல்லை இருக்கும் பிள்ளைகளுக்கு ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். வாய் "ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும் கால் பொய் சொல்லாது.

வயது 13, குதிக்கும் விளையாட்டு, முட்டிச் சில்லுக்கு இரண்டு விரற்கடை கீழே ஒரே இடத்தில் வலி, கூடவே புடைப்பு. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று தோன்றுகிறது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். 1903ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆஸ்குட் என்பவரும் சுவிட்சர்லாந்தில் ஷ்லாட்டர் என்பவரும் தனித்தனியாக இதை விவரித்து எழுதினார்கள். அதனால் இருவர் பெயரும் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

என்ன நடக்கிறது என்பதை உங்கள் காலிலேயே தொட்டுப் பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து முட்டிச் சில்லுக்குக் கீழே விரலை வையுங்கள். பட்டையான கயிறு போல ஒன்று கீழே இறங்கி ஒரு சிறு மேட்டில் போய் ஒட்டியிருக்கும். இப்போது காலை மெதுவாக நீட்டுங்கள், கயிறு விறைக்கும். முன்தொடைத் தசை முழுவதும் அந்த மேட்டைப் பிடித்துத்தான் காலை நீட்டுகிறது. உங்களுக்கும் எனக்கும் அந்த மேடு கெட்டியான எலும்பு. உங்கள் மகனுக்கு அது இன்னும் முழுதாக எலும்பாகவில்லை, அடியில் வளர்ச்சிக் குருத்தெலும்பு இருக்கிறது. பையன்கள் மளமளவென்று வளரும் 13, 14 வயதில் ஒரே ஆண்டில் 9, 10 சென்டிமீட்டர் கூடிவிடுவார்கள். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காமல் இறுகி நிற்கும். அந்த நேரத்தில் ஒவ்வொரு தாவலும், பந்தை உதைக்கும் ஒவ்வொரு உதையும் அதே மேட்டைப் பிடித்து இழுக்கும். இழுத்த இடம் நோகிறது, வீங்குகிறது. பெண் குழந்தைகளுக்கு வளர்ச்சி முந்தியே வருவதால் இந்தத் தொல்லையும் ஓரிரு ஆண்டு முன்னதாகவே வரும்.

எக்ஸ்ரேயில் தெரிந்த துண்டு பற்றி: இந்த வயதில் அந்த மேடு தனித்தனித் திட்டுகளாகத்தான் எலும்பாக மாறும். வலியே இல்லாத பிள்ளைக்கு எடுத்தாலும் சில நேரம் அப்படித்தான் தெரியும். படத்தை மட்டும் பார்த்து முறிவு என்று முடிவுகட்ட முடியாது. உயரத்துக்கும் ஆபத்தில்லை. கால் நீளமாக வளர்வது முட்டியை ஒட்டிய வேறு வளர்ச்சித் தட்டுகளால். இந்த மேடு அந்த வேலையைச் செய்வதில்லை.

இனி கோச் விஷயம். அவர் சொன்னதில் பாதி சரி. இது வளரும் பிள்ளைகளுக்கு வருவது, வளர்ச்சி முடிந்து குருத்தெலும்பு இறுகியதும் பெரும்பாலோருக்குத் தானாகப் போய்விடும். ஓட ஓடச் சரியாகும் என்பதுதான் தவறு. வலியோடு தொடர்ந்து ஓடினால் சில வாரத்தில் ஆற வேண்டியது பல மாதம் இழுக்கும். இதை 'வளர்ச்சி வலி' என்று சொல்வோரும் உண்டு, அதுவும் குழப்பம்தான். வளர்ச்சி வலி சின்னப் பிள்ளைகளுக்கு ராத்திரியில் இரண்டு காலிலும் வரும், காலையில் ஒன்றுமே நடக்காதது போல ஓடுவார்கள். விரலால் தொட்டுக் காட்ட ஓர் இடம் இருக்காது. உங்கள் மகன் ஒரே விரலால் இடத்தைக் காட்டுவான், இல்லையா?

மூன்று மாத முழு ஓய்வு என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. மூன்று மாதம் பெஞ்சில் உட்கார்ந்தால் வலி அடங்கும், தொடைத் தசையும் கூடவே மெலியும். பிறகு ஒரு நாள் பழைய வேகத்தில் இறங்குவான், இரண்டே வாரத்தில் வலி திரும்பிவிடும். இன்னொரு தீங்கும் உண்டு. வலியைச் சொன்னால் விளையாட்டு போய்விடும் என்று அவன் கற்றுக்கொள்வான். "ஒண்ணுமில்லம்மா" என்று அவன் சொல்வதற்குக் காரணமே அந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். விளையாட்டுப் பிள்ளைகளைப் பார்த்துவரும் இத்தனை ஆண்டில் நான் பட்ட பெரிய கஷ்டம் மருந்தில் இல்லை, அவர்கள் வாயிலிருந்து உண்மையை வாங்குவதில்தான்.

அதனால் 'விளையாடலாமா, கூடாதா' என்ற கேள்வியை விட்டுவிட்டு 'இந்த வாரம் எவ்வளவு' என்று கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை அவன் கையில் கொடுங்கள், உங்கள் கையில் வேண்டாம். தினமும் இரண்டு எண் எழுத வேண்டும்: ஆடும்போது வலி எவ்வளவு, மறுநாள் காலை படி இறங்கும்போது எவ்வளவு. வலியே இல்லையென்றால் 0, தாங்கவே முடியாவிட்டால் 10. இரண்டுக்குள் இருந்தால் அன்றைய பயிற்சி அப்படியே போகலாம். மூன்றிலிருந்து ஐந்து என்றால் தாவல்களையும் வேக ஓட்டத்தையும் குறைக்க வேண்டும், விட வேண்டியதில்லை. ஐந்தைத் தாண்டினாலோ நொண்டினாலோ அன்றைக்கு நிறுத்தம். காலை எண் முந்தைய நாள் காலையைவிட ஏறியிருந்தால், நேற்று போட்ட சுமை அதிகம் என்று பொருள். ஒரே ஒரு வாக்குறுதியை நீங்கள் காப்பாற்ற வேண்டும்: அவன் 6 என்று எழுதிய நாளில் திட்டவோ, ஒரேயடியாக விளையாட்டையே நிறுத்தவோ கூடாது. அன்று நீச்சலோ, மேல் உடம்புக்கான பயிற்சியோ, வலிக்காத அளவில் சைக்கிளோ இருக்கட்டும். ஒரு தடவை நீங்கள் வாக்குத் தவறினால் நோட்டில் அதற்கப்புறம் எப்போதும் 1 என்றுதான் இருக்கும்.

கோச்சிடம் சண்டை போட வேண்டாம், கணக்காகப் பேசுங்கள். "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சொல்வதில் பயனில்லை. "இந்த இரண்டு வாரம் தாவல் வேண்டாம், ஓடி வரும் அடிக்கணக்கை மட்டும் பழகட்டும், கால்பந்தில் பாதி நேரம் ஆடட்டும்" என்று சொன்னால் எந்தக் கோச்சுக்கும் புரியும். இரண்டு விளையாட்டிலும் பயிற்சி என்றால் இரண்டு கோச்சும் மற்றவர் எவ்வளவு வேலை வாங்குகிறார் என்று அறியாமலே வாங்கிக்கொண்டிருப்பார்கள். மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பது வீட்டில்தான் நடக்கும். ஒரு வாரத்தின் பயிற்சி மணிநேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது நல்ல அளவுகோல், அதாவது உங்கள் மகனுக்கு 13 மணி நேரம். வாரத்தில் ஒரு நாளாவது முழு விடுப்பு வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுவரில் நிறுத்தி உயரத்தைக் குறித்து வையுங்கள். கோடு சட்டென்று ஏறினால் அடுத்த சில மாதம் தாவலைக் குறைக்கச் சொல்லும் அறிகுறி அது.

வீட்டு வைத்தியம் எளிதுதான். ஆடி முடித்ததும் ஐஸைத் துண்டில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம், நேராகத் தோலில் வேண்டாம். முட்டி போடும் வேலை இருந்தால் அடியில் மெத்தென்று ஏதாவது வைக்கட்டும். முட்டிச் சில்லுக்குக் கீழே கட்டும் பட்டை சிலருக்கு இதமாக இருக்கும், சிலருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. முன்தொடைக்கும் பின்தொடைக்கும் முப்பது விநாடி நிற்கும் நீட்சிப் பயிற்சி தினமும் வேண்டும். சுளீர் என்று இழுக்கக் கூடாது. தசையை வலுவாக்க முதலில் இது போதும்: தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அதை அழுத்தி முப்பது விநாடி பிடிக்க வேண்டும், பத்துத் தடவை. வலி அடங்க அடங்க, ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்த்து அடுத்தடுத்த பயிற்சிக்குக் கூட்டிப்போவார். ஸ்டீராய்டு ஊசி போடலாமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வலி அடங்கிய பிறகும் புடைப்பு கெட்டியாக அங்கேயே இருக்கலாம், அதனால் கெடுதல் இல்லை.

மூன்று வாரத்தில் வரும் போட்டிக்கு நாள் பார்த்து இப்போதே முடிவு சொல்ல மாட்டேன். போட்டிக்கு முந்தைய வாரம் காலைப் படியில் எண் 2-க்குள் இருந்து, நொண்டாமல் வேகமாக ஓடவும் முடிந்தால் போகட்டும். மாத்திரை போட்டால்தான் ஆட முடியும் என்றால் இந்தத் தடவை வேண்டாம். வலி மாத்திரை விழுங்கிவிட்டுக் களமிறங்குவது, பெட்ரோல் முள்ளை மறைத்துவிட்டு வண்டி ஓட்டுவதைப் போல.

நான் எழுதியதெல்லாம் இது ஆஸ்குட்-ஷ்லாட்டர்தான் என்ற அனுமானத்தில். கடிதத்தை வைத்து அதை உறுதி செய்ய முடியாது, எலும்பு மருத்துவர் ஒருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். முட்டியோடு இடுப்பு மூட்டையும் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சிறுமி முட்டி வலி என்று வந்தாள். முட்டியை அழுத்தினேன், எக்ஸ்ரே எடுத்தேன், எல்லாம் சரியாக இருந்தது, ஓய்வு எடு என்று அனுப்பினேன். பத்து நாள் கழித்து நொண்டிக்கொண்டே வந்தாள், பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. தொடை எலும்பின் தலை இடுப்பு மூட்டில் வழுக்கி நகர்ந்திருந்தது. அன்றே அறுவை சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. இடுப்பின் வலி முட்டியில் தெரியும் என்று படித்திருந்தும் அன்று கை இடுப்புக்குப் போகவில்லை. இன்றுவரை முட்டி வலியோடு வரும் எந்தப் பிள்ளையையும் இடுப்பைப் பார்க்காமல் அனுப்புவதில்லை.

தூக்கத்தைக் கலைக்கும் இரவு வலி, சும்மா இருக்கும்போதும் வலி, காய்ச்சல், உடம்பு மெலிவு, மேடு மட்டுமல்லாமல் முட்டி முழுதும் வீங்குவது, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். தாவும்போது 'டப்' என்று சத்தம் கேட்டு அப்புறம் காலை நீட்டவே முடியவில்லை என்றால் மேடு பிய்ந்திருக்கலாம், அன்றே போக வேண்டும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். சிராய்ப்பு, லேசான கன்றிப்போதல், ஓடியதால் வந்த தசைப் பிடிப்பு எல்லாம் வீட்டு விஷயம். சிராய்ப்பை ஓடும் நீரில் மண் போகக் கழுவினால் பாதி வேலை முடிந்தது. 'சுளுக்கு' என்ற வார்த்தையிடம் மட்டும் ஜாக்கிரதை. பெரியவர்களுக்குத் தசைநார் கிழியும் அதே திருகலில், பிள்ளைகளுக்கு வளர்ச்சித் தட்டு முறியலாம், அவர்களின் தசைநார் அந்தத் தட்டைவிட உறுதியானது. கணுக்கால் திருகிய பிள்ளையால் நான்கு அடி ஊன்றி நடக்க முடியவில்லை, அல்லது எலும்பின் மேலேயே அழுத்தினால் வலி என்றால் எக்ஸ்ரே வேண்டும். தேய்த்து இழுத்து நீவிவிடுவது வேண்டவே வேண்டாம்.

தலையில் அடிபட்டு ஒரு நொடி தடுமாறினாலும், "எந்த மேட்ச், ஸ்கோர் என்ன?" என்று கேட்டால் விழித்தாலும், அன்று மறுபடி களத்துக்குள் விடக் கூடாது. பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டான் என்றாலும் கூடாது. மருத்துவர் பார்த்த பிறகு படிப்படியாகத்தான் விளையாட்டுக்குத் திரும்ப வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு, கை கால் பலவீனம் இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ, இதயத்தைப் பரிசோதிக்காமல் அடுத்த பயிற்சிக்கு அனுப்பக் கூடாது. குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெயிலில் ஆடும் பிள்ளை உளறினால் முதலில் நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் குளிர்ந்த நீர் ஊற்றிக் குளிர வையுங்கள். வண்டியைக் கூப்பிடும்போதும், அது வந்து சேரும் வரையிலும் நீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது நோட்டையும் எடுத்துப் போங்கள். எண்களை அவனே படித்துக் காட்டட்டும். நடுவில் ஐந்து நிமிடம் நீங்கள் அறைக்கு வெளியே போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். இடது முட்டியும் வலிக்கிறதா என்று மருத்துவர் அப்போது கேட்பார். இரண்டிலும் வருவது அரிதல்ல, அவன் அதை இதுவரை உங்களிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.