குழுவாகப் படிக்க வைத்தால் ரெண்டு பேர்தான் பேசுகிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். ஏழாம் வகுப்பில் 42 பேர். கதையோ கவிதையோ நானே வாசித்து நானே விளக்கி அலுத்துப்போய், ஆறு ஏழு பேராகக் குழு பிரித்துப் படித்துப் பேசச் சொன்னேன். ஒவ்வொரு குழுவிலும் ஒருவரோ இருவரோ பேசுகிறார்கள், மற்றவர்கள் அடுத்த பெஞ்சை வேடிக்கை பார்க்கிறார்கள். சத்தமாக இருக்கிறதென்று பக்கத்து வகுப்பிலிருந்து புகார். இப்போது ஒரு கம்பெனி ஆள் வந்து, 'வாசிப்பு வட்டம்' தொகுப்பு வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். பிள்ளைக்கு 600 ரூபாய். எங்கள் ஹெச்.எம்.முக்கும் ஆசை. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் டீச்சர். அந்த ஆள் மறுபடி வருவதற்குள் இது உங்கள் கைக்குக் கிடைக்கட்டும் என்றுதான் முதலில் சொல்கிறேன். காரணங்களுக்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் வகுப்பில் நடந்தது எல்லா வகுப்பிலும் நடப்பதுதான். ஏழு பேர் இருக்கிற குழுவில் ஐந்து பேர் பேசாமல் இருந்தாலும் யாருக்கும் தெரியாது, அதனால் பேசமாட்டார்கள். நான்கு பேருக்கு மேல் வைக்காதீர்கள். 42 பேர் என்றால் நான்கு பேர் குழு எட்டு, ஐந்து பேர் குழு இரண்டு. பெஞ்சை இழுக்க வேண்டாம், முன் பெஞ்சில் இரண்டு பேர் திரும்பி உட்கார்ந்தால் பின் பெஞ்சு இரண்டு பேரோடு குழு தயார். தலைகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் கத்த வேண்டிய தேவை பாதி குறையும். மீதிச் சத்தம் இருக்கத்தான் செய்யும், 42 பேர் பேசினால் சத்தம் வராமல் எப்படி? பக்கத்து வகுப்பு டீச்சரிடம் வியாழக்கிழமை மூன்றாவது பீரியட் இப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, பேசுவதற்கு முன் எழுத வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். படித்து முடித்ததும் மூன்று நிமிடம், யாரும் வாய் திறக்காமல், நோட்டில் ஒரு வரியோ இரண்டு வரியோ. 'படிக்கும்போது எந்த இடத்தில் நின்றேன், ஏன்?' அவ்வளவு போதும். எழுத்துப் பிழையைப் பார்க்காதீர்கள், அந்த நோட்டில் சிவப்பு மை படவே கூடாது. கையில் ஒரு வரி இருக்கிற பிள்ளை பேசும், வெறுங்கையோடு இருக்கிற பிள்ளை பேசுகிறவன் முகத்தைத்தான் பார்க்கும். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் எழுதியதை அப்படியே வாசிக்க வேண்டும், அதன் பிறகுதான் விவாதம். ஒரே ஆள் பேசிக்கொண்டே இருந்தால் ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுங்கள். ஒரு தடவை பேசினால் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும், தீர்ந்துவிட்டால் மற்றவர்களுக்கும் தீரும் வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சில வாரங்கள் போனதும் கொட்டை தேவைப்படாது.

சரி, எதைப் பேசுவது? பிரச்சினையின் வேர் இங்கேதான். 'இந்தக் கதை உணர்த்தும் நீதி என்ன?' என்று கேட்டீர்களென்றால் முடிந்தது. பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்பிலிருந்தே விடை தெரியும்: பொய் சொல்லக்கூடாது, ஒற்றுமையே பலம், பெரியோர் சொல் கேட்க வேண்டும். கதையைப் படிக்காமலே சொல்லிவிடுவார்கள். உங்களுக்கே விடை தெரியாத கேள்வியைக் கேளுங்கள். அதிகாரியிடம் அந்தப் பையன் பொய் சொன்னபோது அவன் தங்கை ஏன் குறுக்கே பேசவில்லை? கடைசியில் பாட்டி சிரித்தாள் என்று எழுதியிருக்கிறதே, அது எதற்கான சிரிப்பு? இப்படிப்பட்ட கேள்வி ஒரு பாடத்துக்கு ஒன்று போதும். மூன்று கேள்வியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் குழு பிரித்துக்கொண்டு எழுதி முடித்துவிட்டு 'முடிச்சாச்சு மிஸ்' என்று கை தூக்கும்.

அவர்கள் எதைச் சொன்னாலும் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது, 'எந்த வரியில இருக்கு?' என்பதுதான். வெறும் அரட்டையை இலக்கிய வாசிப்பாக மாற்றுவது அந்த ஒரு கேள்விதான். 'வரியில இல்ல மிஸ், எனக்குத் தோணுச்சு' என்றால் அதுவும் நல்ல பதில், எதனால் தோன்றியது என்று தேடச் சொல்லுங்கள்.

கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து 1970களில் வெளியிட்ட ஆய்வில், கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி அளவுதான். அதை மூன்று விநாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். வகுப்பில் நின்றுகொண்டு மூன்று விநாடி அமைதியாக இருப்பது எவ்வளவு நீளம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று, நம் தமிழ் வகுப்புக்கே உரியது. பிள்ளை, 'அந்தப் பொண்ணு பாவம் மிஸ், அவங்கப்பா சும்மா திட்டிக்கினே இருக்காரு' என்று ஆரம்பித்தால், 'திட்டிக்கொண்டே இருக்கிறார்னு சொல்லு' என்று திருத்துகிறோம். அந்தப் பிள்ளை அடுத்த மாதம் வரை பேசாது. எழுதும்போது எழுத்துத் தமிழைக் கேளுங்கள், பேசும்போது வீட்டுத் தமிழில் பேச விடுங்கள். சேலமோ திருநெல்வேலியோ, எந்த ஊர்ப் பேச்சாக இருந்தாலும் சரி, அந்தப் பேச்சில்தான் அவர்களுக்கு யோசிக்க வரும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களைத் தனிக் குழுவாக்கி 'மெல்லக் கற்போர்' என்று உட்கார வைக்காதீர்கள். முதல் பக்கத்தை நீங்களே உரக்க வாசியுங்கள், மிச்சத்தை ஜோடியில் ஒருவர் மெதுவாக வாசிக்க மற்றவர் விரல் வைத்துப் பின்தொடரட்டும். காதால் கேட்டுக் கதையைப் பிடிப்பதில் அந்தப் பிள்ளைகள் பல சமயம் முதல் ரேங்க் பிள்ளையைவிடக் கெட்டி. ஆனால் வரிசையாக ஆளுக்கு ஒரு பத்தி எழுந்து நின்று வாசிக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். தன் பத்தி எது என்று எண்ணி அதை மட்டும் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கதையில் என்ன நடந்தது என்றே தெரியாது.

கதைக்குப் பொருளை முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது. இதில் ஒரு விலக்கு உண்டு, பழம்பாடல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குழு வாசிப்பு நல்லது என்று கேள்விப்பட்ட சில ஆசிரியர்கள் புறநானூற்றுப் பாட்டை அப்படியே கொடுத்து 'பேசுங்கள்' என்று விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு ஒன்றும் வரவில்லை என்று பழைய முறைக்கே போய்விடுகிறார்கள். பாரி மகளிர் பாடிய 112ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்தே வரி. இதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதை நீங்கள் சொல்லியே ஆக வேண்டும்: இன்று சிவகங்கை மாவட்டத்தில் பிரான்மலை என்கிறோமே, அந்தப் பறம்பு மலையைப் பாரி ஆண்டது, மூவேந்தர் சேர்ந்து முற்றுகையிட்டது, பாரி இறந்தது, மகள்கள் மலையை விட்டு வந்தது. சொல்லுக்குச் சொல் பொருளையும் எழுதிக் கொடுங்கள். போன மாத நிலவொளியில் எங்கள் தந்தை இருந்தார், எங்கள் குன்றையும் யாரும் கொள்ளவில்லை, இந்த மாத நிலவொளியில் வேந்தர்கள் எங்கள் குன்றைக் கொண்டார்கள், எங்கள் தந்தையும் இல்லை. இவ்வளவுதான் பாட்டு. இரண்டு தடவை உரக்க வாசியுங்கள்.

அதோடு நிறுத்துங்கள். 'கையறு நிலை', 'அவலச் சுவை' என்று ஆரம்பிக்காதீர்கள், 'எவ்வளவு உருக்கம் பாருங்கள்' என்று நீங்கள் உருகவும் வேண்டாம். சம்பவமும் சொற்பொருளும் உங்கள் வேலை, உணர்வு அவர்கள் வேலை. 'இதை யாரிடம் சொல்கிறார்கள்? கோபமாகவா, அழுதா?' என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். கொலை செய்தவனைப் பற்றி ஒரு திட்டுகூட இல்லையே என்று ஒரு குழு சொல்லும். முதலில் தந்தை, அப்புறம் குன்று என்று வந்தது, இரண்டாவது முறை குன்று முதலில் வந்து தந்தை கடைசியில் வருகிறாரே என்று எந்தப் பிள்ளையாவது கவனிக்கும், கவனிக்காவிட்டாலும் நீங்கள் அதைச் சொல்லிவிடாதீர்கள், 'ரெண்டு மாசத்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க' என்று மட்டும் சொல்லுங்கள். பார்த்துவிடுவார்கள். தந்தையை ஏன் கடைசிக்குத் தள்ளினார்கள் என்ற கேள்விக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்லும் பதில்களைக் கேட்ட எந்த ஆசிரியரும் நோட்ஸைத் தேடிப் போகமாட்டார்.

இப்போது அந்த 600 ரூபாய் தொகுப்பு. 42 பேருக்கு 25,200 ரூபாய். உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், இந்த மாதிரித் தொகுப்புகள் பலவற்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். வழவழப்பான தாளில் எழுதியவர் பெயரே இல்லாத கதைகள், கதைக்குக் கீழே கட்டம் போட்டு நீதி, 'கேள்வி கேட்பவர்', 'தொகுத்துச் சொல்பவர்', 'சொல் தேடுபவர்', 'படம் வரைபவர்' என்று நாலு வண்ணத்தில் அட்டைகள், நிரப்புவதற்கு ஒர்க்‌ஷீட், ஆண்டுக் கடைசியில் சான்றிதழ். விவாதக் கேள்விகளுக்கு விடைக்குறிப்பும் வைத்திருப்பார்கள். விடைக்குறிப்பு இருந்தால் அது எப்படி விவாதம்?

இந்தப் பொறுப்பு அட்டை முறையை 1990களில் அமெரிக்கப் பள்ளிகளில் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஹார்வி டேனியல்ஸ். பிள்ளைகள் அட்டையை நிரப்பிவிட்டு ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள், இது பழகும் வரைக்குமான தற்காலிக உதவிதான் என்று பின்னால் அவரே எச்சரித்து எழுதினார். நம் ஊர் ஏஜெண்டுகள் அதையெல்லாம் படிக்கவில்லை, அட்டையை மட்டும் அச்சடித்து விற்கிறார்கள். 'வாசிப்பு நிலைத் தேர்வு' என்று ஒன்று வைத்து உங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் பின்தங்கியிருக்கிறார்கள் என்று பயமுறுத்துவதும் உண்டு, அடுத்த ஆண்டுத் தொகுப்பை விற்கத்தான். ஹெச்.எம்.முக்கு இலவச பீரோ, ஆண்டு விழாவுக்குக் கேடயம் என்று பேச்சு வந்தால் அந்தப் பணமும் பிள்ளைகளின் 600 ரூபாயிலிருந்துதான் வருகிறது. அந்த ஆள் வந்தால் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: எல்லாக் கதைகளையும் படித்துப் பார்க்க ஒரு வாரம் கொடுங்கள். கொடுக்கமாட்டார்.

உங்களுக்குத் தேவையானது ஒரு நல்ல கதை, இரண்டு மூன்று பக்கம், இரண்டு பேருக்கு ஒரு பிரதி. 21 ஜெராக்ஸ், நூறு ரூபாய்க்குள் முடியும். ஜெராக்ஸ் எடுத்தால் சட்டப் பிரச்சினை வருமோ என்று பயப்படுகிறவர்களுக்காக: பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு, ஆசிரியர் பாடம் நடத்தும்போது பிரதியெடுத்துக் கொடுப்பதை அனுமதிக்கிறது. பாடப்புத்தகத்தின் விரிவானப் பகுதியிலேயே தொடங்கலாம், அதற்குப் பிரதிகூட வேண்டாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழ் இருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கு வரும் தேன்சிட்டு இதழின் பழைய பிரதிகளைப் பக்கத்துப் பள்ளியில் கேட்டு வாங்குங்கள். பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் அச்சிட்ட சின்னப் புத்தகங்களும் உண்டு, பல பள்ளிகளில் அவை அழுக்காகிவிடும் என்று பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கை பட்டு அழுக்காகத்தானே அவற்றை அச்சிட்டது? சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வாங்கித் திறங்கள்.

45 நிமிடத்தில் குழுவாக உட்காரும் நேரம் போக, பத்து நிமிடம் வாசிப்பு, மூன்று நிமிடம் எழுத்து, பன்னிரண்டு நிமிடம் குழுப் பேச்சு, பத்து நிமிடம் முழு வகுப்பு, கடைசி ஐந்து நிமிடம் 'முதலில் நினைத்தது மாறியதா?' என்று அதே நோட்டில் எழுதட்டும். வாரத்துக்கு ஒரு பீரியட் போதும். பாடம் முடியாது என்று ஹெச்.எம். சொல்வார். பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டில் செயல்பாட்டுக்கென்றே மதிப்பெண் இருக்கிறது, அந்த நோட்டையே அதற்கான பதிவாகக் காட்டுங்கள். தனிப் பதிவேடு, அறிக்கை, போட்டோ எடுத்து குரூப்பில் போடுவது எதையும் நீங்களாக ஆரம்பித்துவிடாதீர்கள். நம் பள்ளிகளில் எந்த நல்ல முயற்சிக்கும் முதல் மாதமே ஒரு படிவம் முளைக்கிறது, போட்டோவுக்காகப் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துவிட்டு, எடுத்து முடித்ததும் வரிசைக்கு அனுப்பிவிடுகிறார்கள். குழு விவாதம் பற்றிய பயிற்சியிலேயே காலையிலிருந்து மாலை வரை ஒருவர் பேச, இருநூறு ஆசிரியர்கள் குறிப்பெடுக்கிறார்கள். அப்படிப் பயிற்சி கொடுத்தால் வகுப்பில் மட்டும் பிள்ளைகள் எப்படிப் பேசுவார்கள்? எனக்கு இதில் பொறுமை தீர்ந்து பல காலம் ஆகிறது.

முன்பணம் ஏதாவது கொடுத்தாகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் ரசீது கேளுங்கள், திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பெற்றோரிடம் வசூலிக்கும் பேச்சு இருந்தால் முதலில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வையுங்கள். 25,200 ரூபாய் என்ற தொகையைச் சொல்லி, தொகுப்பில் உள்ள ஒரு கதையையும் அங்கே உரக்க வாசித்துக் காட்டுங்கள்.