டீச்சரிடம் கேளுங்கள்: எலி பிடிக்கிற படிப்பா?

கேள்வி: என் மகள் நாகர்கோவிலில் பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருடம் படிக்கிறாள். வெளியிலிருந்து தீவுகளுக்குள் புகுந்த உயிரினங்களைப் பற்றித்தான் மேற்படிப்பு என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். விசாரித்தால், தீவுக்குப் போய் எலி பிடிக்கிற வேலை என்கிறார்கள். நான் ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவன். 'இதுக்கா பிள்ளையைப் படிக்க வச்சே?' என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள். இப்படி ஒரு படிப்பு உண்டா டீச்சர்? பிழைக்க முடியுமா?
- ஒரு தகப்பன், வள்ளவிளை

பதில்: உண்டு தம்பி. அதில் பாதிப் பாடம் உங்களுக்கே தெரியும்.

நடுக்கடலில் சூரை மீன் எங்கே கிடக்கிறது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? ஆலாப் பறவைக் கூட்டம் சுழன்று விழுகிற இடத்தைப் பார்த்துத்தானே! அந்த ஆலாக்களில் பல, ஆளில்லாத தீவின் வெறும் மணலில் முட்டையிடுகின்றன. கூடு கிடையாது. மணலில் ஒரு சின்னக் குழி, அதில் ஒரு முட்டை, அவ்வளவுதான். எலியோ பூனையோ கால் வைக்காத இடம் என்பதால், முட்டையை ஒளித்து வைக்கும் பழக்கமே அவற்றுக்கு இல்லாமல் போயிற்று. அங்கே ஒரு கப்பல் வருகிறது. கட்டிய கயிறு வழியாக ஒரு சினை எலி இறங்குகிறது. அந்த ஒன்று போதும்.

தியேகோ கார்சியா என்ற பெயரை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டாம். அங்கே பிடிபட்ட படகுகளின் கதை தூத்தூர் கரையெங்கும் உண்டு. இந்தியப் பெருங்கடலில் அது இருக்கும் சாகோஸ் தீவுக்கூட்டத்தில், லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் நிக் கிரஹாமும் உடன் வேலை செய்தவர்களும் 12 தீவுகளை எடுத்துக்கொண்டார்கள். ஆறில் பழைய கப்பல்களோடு வந்த எலிகள் இருந்தன, ஆறில் எலியே இல்லை. 2018-ல் 'நேச்சர்' ஆய்விதழில் முடிவு வந்தது. எலி இல்லாத தீவுகளில் கடற்பறவைகளின் அடர்த்தி 760 மடங்கு!

நான் அதைப் படித்துவிட்டு எழுந்து நடந்தது அடுத்த கணக்கைப் பார்த்துத்தான். பறவை தூரக் கடலில் மீன் தின்று தீவில் எச்சமிடுகிறது. மழையும் கடலின் ஏற்ற இறக்கமும் அந்த உரத்தைப் பவளப்பாறைக்கு இழுத்துக்கொண்டு போகின்றன. அதனால் எலி இல்லாத தீவை ஒட்டிய பாறைகளில் மீன்களின் மொத்த எடை 48 சதவீதம் கூடுதலாக இருந்தது. கரையில் முட்டை தின்கிற எலி, கடலுக்குள் மீனையும் குறைத்துவிடுகிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதை மட்டும் சொல்லுங்கள். மீன் தெரிந்த வீட்டில் இது புரியாமல் போகாது.

எலியைப் பிடிப்பதைவிட, இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டமான வேலை. மெழுகுக் கட்டியில் நிலக்கடலை வெண்ணெயைச் சேர்த்துத் தீவு முழுக்க வைத்துவிட்டு, பல் தடம் தேடுவார்கள். கரண்டு போனால் கொளுத்த எங்கள் வீட்டு அலமாரியில் வைத்திருந்த மெழுகுவர்த்தியை ஒருநாள் எலி கடித்திருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாய்க்கால், நகத்தால் கீறினமாதிரி அவ்வளவு சுத்தமாக. அதைப் பல வருடம் வகுப்பில் பிள்ளைகள் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னேன். நீங்கள் கரைக்கு வந்ததும் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மகளோடு ஒருநாள் நில்லுங்கள். படகின் அடியில் ஓட்டோடு வளரும் கொட்டலசு எப்படி ஒட்டியிருக்கிறது என்று காட்டுங்கள். ஒரு கடலின் உயிர் இன்னொரு கடலுக்குப் போகிற வழிகளில் அதுவும் ஒன்று.

படிக்கும் இடங்கள்: பக்கத்தில் வேண்டுமென்றால் ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம். தீவிலேயே படிக்க, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வளாகம். காட்டுயிர் என்றால் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி, டேராடூனில் இந்தியக் காட்டுயிர் நிறுவனம். முதல் சில வருடம் திட்ட வேலைதான், சம்பளமும் கம்மி. மறைக்கமாட்டேன். ஆனால் கடலுக்குப் பயப்படாத, படகில் வாந்தியெடுக்காத பிள்ளை இந்த வேலைக்குக் கிடைப்பது லேசில்லை. உன் அப்பா தந்த சொத்து அது, மக்ளே. தைரியமாக விண்ணப்பம் போடு.

கேள்வி: எலிக்குப் பூனையையோ கீரியையோ விட்டால் போதாதா? விஷம் வைத்துக் கொல்வது பாவமில்லையா?
- கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

பதில்: விட்டுப் பார்த்தார்கள். ஹவாயில் கரும்புத் தோட்டத்து எலிக்காக 1883-ல் கீரியைக் கொண்டு வந்தார்கள். கீரி பகலில் திரியும், எலி இரவில். கீரிக்கு வசமாகச் சிக்கியது தரையில் கூடு கட்டும் பறவைதான்.

ஒன்றை மட்டும் எடுப்பதிலும் ஆபத்து இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மக்குவாரி தீவில் 2000-ல் கடைசிப் பூனையையும் அகற்றினார்கள். அதுவும் ஒரு காரணமாக முயல்கள் பெருகி, மலைச்சரிவின் புல்லை மொட்டையடித்தன. பிறகு முயல், எலி, சுண்டெலி மூன்றையும் சேர்த்து ஒழிக்க ஹெலிகாப்டரில் விஷத்தீனி தூவினார்கள், மிச்ச முயலை நாய் வைத்துத் தேடினார்கள். 2014-ல்தான் தீவு சுத்தமானதாக அறிவித்தார்கள். விஷத்தில் வேறு பறவைகளும் செத்தன. அது எனக்கு உறுத்துகிறது. எலி தானாக அங்கே போகவில்லை, நாம்தான் ஏற்றிப் போனோம். ஆனாலும் வேறெங்கும் போக வழியில்லாத அந்தக் குஞ்சின் பக்கம்தான் நான் நிற்பேன்.

அதனால்தான் எலியை ஏறவிடாமல் தடுப்பதை இவ்வளவு வற்புறுத்துகிறேன். லட்சத்தீவில் கவரத்திக்கு வடக்கே பிட்டி என்று ஒரு மணல் திட்டு இருக்கிறது. மரம் இல்லை, ஆள் இல்லை, ஆலா முட்டையிடுகிறது. நம் கரைப் படகுகள் அந்தப் பக்கமாகத் தொழிலுக்குப் போகின்றன. கிளம்பும் முன் ஐஸ் அறையையும் வலைக் குவியலையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். திட்டில் இறங்காதீர்கள்.