சென்னையில் கார் இல்லாமல் குடும்பம் நடத்த முடியுமா?

கேள்வி: திருச்சியிலிருந்து மாற்றலாகிச் சென்னைக்கு வருகிறோம். நான், மனைவி, பத்து வயதுப் பையன், எழுபதை நெருங்கும் அம்மா. கார் இல்லாமல் சமாளிக்கலாமா, வந்தவுடன் ஒன்று வாங்கிவிடுவது நல்லதா?

பதில்:

சமாளிக்கலாம். ஆனால் ஆபீஸ் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லையே. பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

நாங்கள் இருப்பது குரோம்பேட்டையில். கல்யாணமான நாளிலிருந்து கார் வாங்கவில்லை. எனக்கு எழும்பூரில் வேலை, கணவருக்குக் கிண்டியில். பொய் சொல்லக் கூடாது, வீட்டில் ஒரு ஸ்கூட்டர் உண்டு. காய்கறி, மருந்துக் கடை, மகளை டியூஷனில் கொண்டுபோய் விடுவது, அவ்வளவுதான் அதன் உலகம். தாம்பரத்தைக்கூட அது பார்த்ததில்லை.

சென்னை ஒரே ஊர் இல்லை. ரயில் வளர்த்த சென்னை ஒன்று, சாலை வளர்த்த சென்னை ஒன்று. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது, அப்போது மீட்டர் கேஜ். மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் அந்த ஸ்டேஷன்களை ஒட்டியே பெருத்த இடங்கள். அதனால் கடைத்தெரு, பள்ளிக்கூடம், டாக்டர், கோயில் எல்லாமே ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் கிடைக்கும். அரக்கோணம் பாதையில் பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர் பக்கமும் இதே கதைதான்.

பழைய மகாபலிபுரம் சாலை வேறு. ஐ.டி. கம்பெனிகளுக்காக 2000-களில் சாலையை அகலப்படுத்தினார்கள், அடுக்குமாடிகள் வந்தன, ரயில் மட்டும் வரவில்லை. பறக்கும் ரயில் 1995-ல் சேப்பாக்கம் வரை வந்து, 2007-ல்தான் வேளச்சேரியைத் தொட்டது. அங்கிருந்து பரங்கிமலைக்கு மிச்சம் இருந்தது வெறும் 5 கிலோமீட்டர். நில வழக்கில் மாட்டிக்கொண்டு அது எத்தனை வருடம் கிடந்தது என்பது வழியில் இருக்கும் ஆதம்பாக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி எல்லாம் மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தை நம்பியிருப்பவை. மூன்று தடங்களும் சேர்த்து 118.9 கிலோமீட்டர் திட்டம், அதில் மாதவரம்–சிறுசேரி சிப்காட் தடம்தான் அந்தச் சாலை வழியாகப் போகிறது. அது முழுசாக ஓடும்வரை அந்தப் பக்கம் பஸ்ஸும் கம்பெனி வண்டியும்தான் கதி.

ஆகவே காரைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் வீட்டைப் பற்றி யோசியுங்கள். ஸ்டேஷன் பக்கத்தில் வாடகை கூடுதல்தான், நாங்களும் கொடுக்கிறோம். ஆனால் கார் கடனுக்கான தவணை, இன்சூரன்ஸ், பெட்ரோல், வருஷா வருஷம் சர்வீஸ் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வாடகையில் கூடுவது ஒரு தொகையே இல்லை. ரயிலில் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு டிக்கெட் பத்து ரூபாய். சீசன் எடுத்தால் அதையும் நினைக்க வேண்டியதில்லை. மாநகரப் பஸ்ஸில் சாதாரணக் கட்டணப் பேருந்து என்றால் உங்கள் மனைவிக்கும் அம்மாவுக்கும் 2021-லிருந்து டிக்கெட்டே கிடையாது. நீங்கள் தினமும் பஸ் மாறி மாறிப் போகிறவரானால் 1000 ரூபாய் மாதப் பாஸ் வாங்கிவிடுங்கள், ஏ.சி. இல்லாத எந்தப் பஸ்ஸிலும் ஏறலாம்.

காசு கிடக்கட்டும். தினசரி அது எப்படி இருக்கிறது என்பதுதானே விஷயம்.

மாலை ஆறரைக்கு எழும்பூரில் பெண்கள் பெட்டியில் ஏறினால் உட்கார இடம் இருக்காது. ஏறியதும் முதல் வேலை, உட்கார்ந்திருப்பவர்களிடம் போய், "அக்கா, எங்க இறங்குறீங்க?" என்று கேட்பது. "சானடோரியம்" என்றால் அடுத்த ஆளிடம் போக வேண்டியதுதான். "கிண்டி" என்றால் அந்த இடம் நமக்கு ரிசர்வ் ஆகிவிட்டது, வேறு யாரும் உரிமை கொண்டாட முடியாது. எழுதாத சட்டம். மீறினால் பெட்டியே சேர்ந்து சத்தம் போடும். கதவோரம் கூடையை வைத்துக்கொண்டு ஒரு அம்மா முல்லை கட்டிக்கொண்டிருப்பார், தாம்பரம் போவதற்குள் பந்து பந்தாக உருண்டுவிடும். ஹேர்பின், சேஃப்டி பின், கர்ச்சீப் எல்லாம் ஒரே கம்பி வளையத்தில் தொங்க வந்து, மேலே கைப்பிடிக் கம்பியில் மாட்டப்படும். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு யாரும் வாங்காமல் விட்டாலும் விற்பவர் முகம் சுளிப்பதில்லை, அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுவார். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் மாம்பலத்தில் ரங்கநாதன் தெருவே பைகளோடு ஏறும். அந்த நாட்களில் நான் ஆபீஸில் ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

ரயில், பஸ் எல்லாம் பரவாயில்லை. உயிரை எடுப்பது கடைசி ஒரு கிலோமீட்டர்தான். நடைபாதை என்று ஒன்று இருக்கும். அதன்மேல் மின்வாரியப் பெட்டி, இளநீர்க் கடை, நிறுத்திவைத்த பைக், போன மாதம் தோண்டிய மண். கடைசியில் நாம் சாலையில் இறங்கி நடப்போம், பின்னாலிருந்து ஹாரன் அடிப்பார்கள். பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கிக் கொடுத்தார்கள். அங்கே போனால் குழந்தையின் கையை விட்டுவிட்டே நடக்கலாம். ஊர் முழுக்க அப்படி இருந்தால் இந்தக் கேள்வியையே நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

அந்த ஒரு கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ உண்டு, நெருக்கியடித்து உட்கார வேண்டும். தனி ஆட்டோ என்றால், அரசாங்கம் மீட்டர் கட்டணம் வைத்தது 2013-ல்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அந்தக் கட்டணத்துக்கு இன்று யாரும் வர மாட்டார்கள், வரச் சொல்வதும் நியாயமில்லை. போன் ஆப்பில் காட்டுகிற தொகையைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுவதுதான் நடைமுறை.

கார் இல்லையே என்று எனக்கு உறைப்பது கல்யாண சீசனில். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு முதல் ஏழரை முகூர்த்தம், மண்டபம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டிக்குப் பக்கம். ஞாயிறு என்றால் ரயில்கள் குறைவு, அதிலும் பராமரிப்பு வேலை என்று சில நாள் பாதியை ரத்து செய்வார்கள். பட்டுப்புடவையோடு அங்கே போய்ச் சேர கேப்தான் வழி. போகும்போது எப்படியோ கிடைத்துவிடும். திரும்பும்போது ஆப்பில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்புறம் யாராவது சித்தப்பா, "ஏறிக்கோம்மா, குரோம்பேட்டை வழியாத்தான் போறேன்" என்பார். வழியெல்லாம், "லோன் போட்டா வாங்கிட்டுப் போறது, இதுல என்ன யோசனை" என்று கேட்டுக்கொண்டே வர வேண்டும். இந்த அறிவுரையைத் தாங்கும் மனம் இல்லாதவர்கள் காரையே வாங்கிவிடலாம், அதுதான் மலிவு.

ஊருக்குப் போவதும் முன்பு எளிதாக இருந்தது. 2023 டிசம்பரில் தென்மாவட்டப் பஸ்களுக்குக் கிளாம்பாக்கத்தில் பெரிய நிலையம் திறந்தார்கள். திறந்த அன்று பக்கத்தில் ரயில் ஸ்டேஷனும் இல்லை, மெட்ரோவும் இல்லை. இவ்வளவு பெரிய நிலையத்தைத் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே கட்டிவிட்டு, ரயில் நிற்க ஒரு பிளாட்பாரத்தை முதலிலேயே போடாமல் விட்டவர்கள் நிச்சயம் காரில் போகிறவர்களாகத்தான் இருக்க வேண்டும். திருச்சிக்கு நீங்கள் தாம்பரத்திலோ எழும்பூரிலோ ரயில் ஏறிவிடுங்கள்.

மழையில் மட்டும் நம் கை ஓங்கும். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தினார்களே, நினைவிருக்கிறதா? அந்தக் கவலை நமக்கு இல்லை. ஆனால் 2023 மிக்ஜாம் புயல் மாதிரி அடித்தால் ரயிலும் நின்றுவிடும், எல்லோரும் வீட்டில்தான்.

உங்கள் அம்மா விஷயம் தனி. மின்சார ரயிலின் படி உயரம், நடைமேம்பாலம் ஏறி இறங்க வேண்டும், ரயில் நிற்பதும் அரை நிமிஷம். என் மாமியார் அதில் ஏறுவதை நிறுத்திவிட்டார். மெட்ரோ என்றால் லிஃப்ட் இருக்கிறது, தைரியமாக வருகிறார். மற்றபடி அவருக்கு ஆட்டோதான். தெருமுனை ஸ்டாண்டில் ஒரு ஆட்டோக்காரரைப் பழக்கம் பிடித்து வைத்திருக்கிறோம், கேட்டதற்கு மேல் பத்து இருபது கொடுத்துவிடுவோம். ஒரு முறை நடுராத்திரியில் மாமியாருக்கு மூச்சுத் திணறியபோது கூப்பிட்டோம். லுங்கியோடு வந்து நின்றார், ஆஸ்பத்திரியில் வீல்சேர் தேடிக் கொண்டுவந்ததும் அவர்தான். கார் இருந்திருந்தாலும் கணவர் அன்று ஓட்டுகிற நிலையில் இல்லை. மோசமான நிலைமை என்றால் 108 இருக்கவே இருக்கிறது.

பையனுக்கு நடந்து போகிற தூரத்தில் பள்ளி பாருங்கள், இல்லையென்றால் வேன். இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

வீடு பார்க்கும்போது புரோக்கர், "ஸ்டேஷன் பக்கம்தான் சார், அஞ்சு நிமிஷம்" என்பார். அது அவர் பைக்கில் போகிற அஞ்சு நிமிஷம். சாயங்காலம் ஏழு மணிக்கு ஸ்டேஷனில் இறங்கி, வீடு வரை நீங்களே நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, மழைநீர்க் கால்வாய் மூடியிருக்கிறதா, நடுவில் சப்வே இருந்தால் மழைக்கு அது என்ன ஆகும் என்று அங்கே இருக்கிற டீக்கடையில் கேளுங்கள், உண்மையைச் சொல்வார்கள். முடிந்தால் அம்மாவையும் ஒருமுறை நடக்க வைத்துப் பாருங்கள்.

ஆபீஸ் சிறுசேரியில், கம்பெனி பஸ்ஸும் இல்லை, மனைவிக்கு வேலை அண்ணாநகரில் என்றால் இதெல்லாம் உங்களுக்கு உதவாது. முன்பணத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். கார் நிறுத்த இடமுள்ள வீடாகவும் பாருங்கள்.